முப்பத்தொன்றாம் பக்கம், ஐந்தாம் வரி

அன்புத் தம்பி ஹோல்கருக்கு,

போட்ரோப்பிலிருந்து அண்ணன் வின்ஃப்ரீட் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ரோஸ்விதாவும் சுகம், என் ரத்த அழுத்தமும் ஒரு குறைவுமின்றி இருக்கிறது. அங்கே காசல் நகரில் உன் முழங்கால் சொன்னபடி மடங்கி நிமிர வேண்டுகிறேன். பதினெட்டு வருடம் பேசாதவன் உருகிப்போய் எழுதுகிறான் என்று நினைத்துவிடாதே. எனக்குக் கையேடு வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா வீட்டைக் காலி செய்தபோது நமது 'கருங்குகை' கணினி விளையாட்டின் பிளாப்பி வட்டுகளை நான் எடுத்தேன், கையேட்டை நீ எடுத்தாய். ஒன்றில்லாமல் மற்றது குப்பை என்று தெரிந்தேதான் எடுத்தாய். இப்போது என் புதுக் கணினிக்குள் பழைய கணினியாக நடிக்கும் எமுலேட்டர் ஒன்றைப் போட்டு, ஆட்டத்தை எழுப்பிவிட்டேன். எழுந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, நான் திருட்டுப் பிரதிக்காரன் இல்லை என்று நிரூபிக்க, கையேட்டின் முப்பத்தொன்றாம் பக்கம் ஐந்தாம் வரியின் மூன்றாம் சொல் என்ன என்பது. எனக்கு நினைவிருப்பதோ பன்னிரண்டாம் பக்கத்துக் 'கோடரி' மட்டும். அணைத்துப் போட்டால் கேள்வி மாறும் என்று, அந்தப் பன்னிரண்டாம் பக்கக் கேள்வி வரும்வரை அணைத்து அணைத்துப் போட்டேன், நாற்பத்தொரு முறை. உள்ளே போனால், அந்தக் காலத்தில் ஆடி அசைந்து நடந்த ஆட்டம் இப்போது தலைதெறிக்க ஓடுகிறது. நான் காப்பி எடுத்து வருவதற்குள் நம் ஆட்கள் ஆறு பேரும் மூன்று மாதச் சாப்பாட்டைத் தின்று தீர்த்துவிட்டுச் சத்திரத்து வாசலில் பட்டினியால் செத்துக் கிடந்தார்கள். முதலில் போனது உன் பெயர் வைத்த வீரன்தான், எப்போதும் இரண்டு பேர் சாப்பாடு அவனுக்கு. வேகத்தைக் குறைத்தேன், நகராட்சிக் குமாஸ்தா மாதிரி ஒரு பூதம் வாளை ஓங்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. மறுபடி அணைத்தேன், மறுபடி அதே கேள்வி. ரோஸ்விதாவும் என் பக்கம்தான். "உங்க தம்பிதானே ஒளிச்சு வச்சிருக்காரு, அவரே அனுப்பட்டும்" என்கிறாள். ஆகவே கையேட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பு. வேறு பேச்சு வேண்டாம்.

உன் வீட்டார் எல்லோருக்கும் என் அன்பும் ஆசியும்.

உன் அண்ணன்,
வின்ஃப்ரீட்

பி.கு.: ரோஸ்விதா கடிதத்தைப் படித்துவிட்டாள். "நான் எப்போங்க அப்படிச் சொன்னேன்? வெட்கத்தை விட்டுட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கன்னுதானே சொன்னேன்! ஒழுங்கா உண்மையை எழுதுங்க" என்று என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். சரி. நாற்பத்தொரு முறை என்பது பொய். கையேடு முழுவதையும் யாரோ புண்ணியவான் இணையத்தில் போட்டிருக்கிறான். போன குளிர்காலமே அச்சடித்து வைத்துவிட்டேன். ஆட்டம் நன்றாகவே ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து "அந்தக் கதவைத் திறக்காதே, மடையா" என்று கத்தத்தான் ஆளில்லை. சனிக்கிழமை வா. கையேட்டை மறந்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.