பாதுகாப்பை வாங்கி வைத்தவர்

பயந்தவர், துணிந்தவர் என்று மனிதரை இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று நம் நடுவே கொழுத்து வளர்கிறது: பாதுகாப்பை வாங்கி வைத்தவர். நீங்கள் பார்த்திருப்பீர்கள். விலையுயர்ந்த ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டுவார். வாசலுக்கு உலகத் தரத்தில் பூட்டு போட்டுச் சாவியைச் செருப்புக்கடியில் வைப்பார். தீயணைப்பு உருளையை வாங்கி, யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பீரோவுக்குள் பூட்டி வைப்பார். ஆபத்து என்பது ரசீதைக் காட்டினால் திரும்பிப் போய்விடும் ஆசாமி என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை.

அப்படி ஒருவர், ஓர் அலுவலகத்தில் மேலாளர், பழைய வேன் ஒன்றை வாங்கினார். பின்னிருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில், அலமாரி, மடக்கு மேசை எல்லாம் பொருத்தினார். விடுமுறை தோறும் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றத் திட்டம். பாக்கி அடுப்புதான்.

"கேஸ் அடுப்பு, அதுவும் வேனுக்குள்ள. விளையாட்டா?" என்றார்.

விளையாட்டில்லைதான். ஆராய்ச்சி தொடங்கியது. சாப்பிடும்போது அடுப்பு, லிஃப்டில் அடுப்பு, துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்பு. சுடர் அணைந்தால் வாயு தானாக நிற்க வேண்டும். வண்டி குலுங்கினாலும் பாத்திரம் நகராதபடி கம்பி வேண்டும். குழாய் இன்ன ரகம்தான் வேண்டும். அலுவலகத்துக் கரும்பலகையில் வேன் படமே வரைந்து காட்டினார். "கேஸ் காத்தைவிட கனம். கசிஞ்சா தரையிலதான் தேங்கும். அதனால தரையில ஒரு ஓட்டை. எரிஞ்ச காத்து போக மேல ஒரு ஜன்னல். ரெண்டையும் மூடவே கூடாது. புரியுதா?" எல்லோரும் தலையாட்டினார்கள். மேலாளர் சொன்னால் வேறென்ன செய்வார்கள்?

கடைக்காரர் பாவம். அடுப்பு அடுப்பாக இறக்கி வைத்தவர், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், ஒண்ணு இதை எடுத்துக்கோங்க. இல்ல, கடையை எடுத்துக்கோங்க."

அடுப்பை எடுத்துக்கொண்டார். கூடவே நச்சுக்காற்று சேர்ந்தால் கத்துகிற கருவி ஒன்றும். அடுப்பின் நெற்றியில் பாதுகாப்பு முத்திரை ஒன்று பளபளத்தது. அதன்மேல் தண்ணீர் படக்கூடாது, துணி படக்கூடாது. தாயத்துக் கட்டியவனைப் பார்த்து வாழ்நாளெல்லாம் சிரித்த மனிதர் இவர். இவருடைய தாயத்து ஒட்டக்கூடிய வகை, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் பயணத்திலேயே மழை. மலையடிவாரத்தில் வேனை நிறுத்தினார்கள். சாயங்காலமே குளிரில் பல் கிட்டித்தது. தரையில் ஓட்டை இருந்ததல்லவா? அதன்மேல் அவரே ஆசையாகத் தேர்ந்தெடுத்த பூப்போட்ட விரிப்பு கிடந்தது. மேல் ஜன்னலிலிருந்து சொட்டிய இடத்தில் துண்டைச் சுருட்டித் திணித்தார்.

"என்னங்க, அதை மூடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"அது சாதாரண அடுப்புக்கு. இது எப்படிப்பட்ட அடுப்பு தெரியுமா?" என்றவர், குளிர் காய இரண்டு பர்னரையும் பற்ற வைத்தார். கதகதப்பு பரவியது. தம் ஆராய்ச்சியின் சூட்டிலேயே குளிர் காய்வது போல அவருக்குப் பெருமை.

கருவி கத்தியது.

"எதுக்குக் கத்துது?"

"மட்டமான சாமான். அடுப்பு விலையில பாதிகூட வராது. அதுக்கென்ன தெரியும்?" பேட்டரியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்கப் பிடிக்காததைச் சொல்பவன் வாயை அடைப்பது அரசாங்கங்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்றா நினைத்தீர்கள்?

"அம்மா, தலை வலிக்குது" என்றாள் மகள்.

"போனையே பாத்துட்டிருந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்றார் அப்பா. அவருக்கும் நெற்றிப்பொட்டு தெறித்தது. மலைப்பாதையில் ஓட்டிய அலுப்பு என்று அதற்கும் காரணம் தயாராக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மகளின் பேச்சு நின்றுபோனது. "ஏய், இங்க பாரு. கண்ணைத் திறடி!" மனைவி உலுக்கினாள். தலை துணிபோலச் சரிந்தது. அவள் எழுந்தாள், முழங்கால் மடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு அடுப்பை நோக்கி நகர்ந்தாள்.

"அணைக்காதே, குளிரும்" என்றார் அவர், நாக்குக் குழற. "நல்ல... அடுப்பு."

அணைத்தாள். சிலிண்டரை மூடினாள். தோளால் இடித்துக் கதவைத் திறந்து, மகளை இழுத்துப் போய் மழையில் கிடத்தினாள். திரும்பி வந்து இந்த நல்ல அடுப்புக்காரரையும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். மகள் வாந்தி எடுத்தாள். பிறகு ஓவென்று அழுதாள். அந்த அழுகையைக் கேட்டதும்தான் அம்மா சேற்றில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

மேலாளர் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "விரிப்பு நனையுது."

மருத்துவமனையில் மூன்று பேருக்கும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மருத்துவர் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். கேட்டுக்கொண்டார். கேட்பது அவருக்குப் பழக்கம்தான், கேட்டபடி நடப்பதுதான் இல்லை.

அலுவலகம் திரும்பியதும் கரும்பலகைக்கு முன் நின்று முழங்கினார்: "கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. குடும்பமே உள்ள. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. அடுப்புன்னா அது அடுப்பு!" இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டு, 'குடும்பத்தோடு சோதித்துப் பார்த்தது' என்றும் எழுதினார். கதவை இடித்துத் திறந்த மனைவியின் தோளில் இன்னும் கன்றிய நீலம் மாறவில்லை. அதற்கு நட்சத்திரம் போட இணையத்தில் இடமில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வேனுக்குள் மனைவி கத்தியும் கையுமாக மண்டியிட்டிருந்தாள். பூப்போட்ட விரிப்பின் நடுவில் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, புது விரிப்பு! என்ன பண்ற?"

"ஓட்டையைத் தேடுறேன்."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா..."

"உங்களுக்குத் தெரியும்ங்க. அதான் தொந்தரவே." வெட்டிய துண்டை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். "பேட்டரியைக் குடுங்க. இனிமே அது கத்தினா நான்தான் பதில் சொல்வேன். சம்மதம்னா வண்டி கிளம்பும். இல்லைன்னா நீங்களும் உங்க அடுப்பும் போயிட்டு வாங்க."

சட்டைப் பையைத் தடவினார். பேட்டரி அங்கே இல்லை. டிவி ரிமோட்டில் இருந்தது.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் சமையலறைப் பக்கம் ஒரு நடை போய், சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வருகிற குழாயைக் கொஞ்சம் வளைத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? என்ன, எழுந்திருக்கவில்லையா? 'எங்க வீட்டு அடுப்பு நல்ல அடுப்பு' என்று உதடு அசைந்ததே!

வாருங்கள் ஐயா, வாருங்கள் அம்மா. இவ்வளவு நேரம் நான் வரைந்த இந்த உருவப்படத்துக்கு நீங்கள்தான் நகராமல் உட்கார்ந்திருந்தீர்கள்.