சிவப்புச் சில்லைகள் தனிக்குடித்தனம் போன சருக்கம்

அந்துருண்டை மணக்கும் அறையின் அணங்கே, மில்லிமீட்டரின் பத்திலொரு பங்குக்கும் விட்டுக்கொடாத தறுகண் மறத்தியே, மூக்குக்கண்ணாடி நழுவினும் முடிவு நழுவாத பெருந்தகையே, அருங்காட்சியகப் பறவைப் பிரிவின் உதவிக் காப்பாளரே, உன் ஒருநாட் போரை உரைக்கப் புகுந்தோம், பிழை பொறுத்தருள்க.

அவளை எதிர்த்து நின்றவள் வேற்று நாட்டவள் அல்லள். அதே பிரிவின் காப்பாளர். அதற்கும் மேலாக, கணவனுடைய அண்ணனின் மனைவி. ஒன்பதாண்டுகளாக ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து, எதையும் சேர்த்தே வைப்பது என்ற கொள்கையைக் கொடியென உயர்த்திய மூத்த ஓர்ப்படி.

போர்க்களமோ ஏழாம் இழுப்பறை. அங்கே பாடம் செய்யப்பட்ட அறுபத்துமூன்று சில்லைக் குருவிகள், கண்ணிருந்த இடத்தில் பஞ்சும் காலில் பெயர்ச்சீட்டுமாக, மல்லாந்து தீர்ப்பை எதிர்நோக்கிக் கிடந்தன. புல்விதை தின்னும் இச்சிற்றுயிர்கள் யாவும் ஒரே பேரினம் என முழங்கினாள் மூத்தவள். சிவப்புச் சில்லையின் ஆண் மட்டும் கூடு கட்டும் பருவத்தில் செம்மை பூண்டு பின் அதைக் களைகிறது, மற்றவை ஆண்டு முழுதும் ஒரே சட்டைக்காரர்கள், ஆகவே சிவப்பன் தனிப் பேரினமே எனச் சூளுரைத்தாள் இளையவள். அருங்காட்சியகத்தின் பறவைப் பட்டியல் மாலை நான்கு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். மணியோ மூன்றைத் தாண்டிவிட்டது.

"இத்தனை நாள் எல்லாம் ஒண்ணாத்தானே இருந்துச்சு. இப்ப என்ன வந்துச்சு?" என்றாள் மூத்தவள்.

கேள்வி குருவிகளைப் பற்றியது மட்டுமன்று என்பது இளையவளுக்குச் சுருக்கெனத் தைத்தது. முந்தைய நாள்தான் அவளும் கணவனும் தனியாக ஒரு வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

பின்னர் மூண்டது பெரும்போர். அளவுகோல்கள் வாளெனச் சுழல, இறகு பற்றும் சாமணங்கள் வேலெனப் பாய, ஒரே கரும்பைப் பற்றிய இரு களிறுகள்போல் இருவரும் ஒரே உருப்பெருக்கியைப் பற்றி இழுக்க, அலகுகள் அளக்கப்பட்டு, மீண்டும் அளக்கப்பட்டு, இருவர் குறிப்பேடுகளிலும் இருவேறு உண்மைகள் குருதியாறெனப் பெருகின. அப்போது மூத்தவள் தன் இறுதிப் படைக்கலத்தை எடுத்தாள். சீட்டு அறுந்துபோன ஒரு குருவி: மண்நிறம், மங்கிய அலகு, ஊர் பேர் இல்லாத பரதேசி.

"இத நீ எங்க வைப்பேன்னு சொல்லு. பிரிக்கத் தெரிஞ்சவதானே."

இளையவள் குருவியைக் கையில் வாங்கினாள். இதைச் சொல்ல முடியாவிட்டால் மற்ற அறுபத்திரண்டைப் பற்றியும் வாய் திறக்க முடியாது. நெஞ்சைப் பார்த்தாள், சிறகைப் பார்த்தாள், எங்கும் மண்நிறமே. கடைசியில் வாலடி இறகுகளை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக விலக்கினாள். அடியில், அணையும் கரியின் கங்குபோல், சிவந்த இறகுகள் நான்கு.

"சிவப்பனேதான்க்கா. சட்டையக் கழட்டியிருக்கான், அவ்வளவுதான்."

மூத்தவள் உருப்பெருக்கி வழியே நெடுநேரம் பார்த்தாள். பின்பு புதிய அட்டையொன்றை எடுத்து, அப்பிரிவிலேயே அழகான தன் கையெழுத்தில், சிவப்புச் சில்லைகளின் தனிப் பேரினத்தைத் தானே எழுதினாள். வென்றவளுக்கு முரசொலி கேட்டிருக்க வேண்டும், மூத்தவளின் பேனா கீறும் ஒலிதான் கேட்டது.

"தனியா வெச்சா பூச்சி அரிக்காம பாத்துக்கணும்," என்றாள் மூத்தவள், அட்டையை ஊதி உலர்த்தியபடி. சற்றுப் பொறுத்து, "அந்த வீட்ல தண்ணி வருதா?"

"காலைல வருமாம்க்கா."

"சாயங்காலமும் வருதான்னு கேட்டுக்க."

நான்கு மணிக்குப் பட்டியல் அச்சகம் ஏகியது. திசைகள் எட்டும் அமைதியில் ஆழ்ந்தன. விண்ணோர் பூமாரி பொழிய மறந்தனர். இணைப்பின் தலைவியும் பிரிப்பின் பெருந்தேவியும் களம் நீங்கினர்.

இருவரும் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள்.