அப்பாவின் ஓய்வும் இருபத்திரண்டு கொமட்டும்

“பேரம் பேசி அரைக் கிலோ சூடை மீன் வாங்கத் தெரியாத புள்ளைட கையில, முப்பது வருசச் சல்லியைக் குடுக்கப் போறீங்களா?” என்று மாமி அப்பாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கோபம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். வர்த்தகம் படித்து, வெள்ளவத்தையில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலையும் பார்க்கிறேன். (சூடை மீன் விஷயத்தில் மாமி சொன்னது உண்மை.)

அப்பா துறைமுகத்தில் கொள்கலன் இறக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, சேமலாப நிதிக் காசு கைக்கு வந்த நேரம், ரூபாய் விழுந்துகொண்டிருந்தது. பெட்ரோலுக்கு ஒரு வரிசை, சமையல் காஸுக்கு ஒரு வரிசை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அந்தக் காசை விட்டால் வேறு வருமானம் இல்லை. வங்கியில் போட்டால் கரைந்துவிடும் என்றார் ஒருவர். வெளியே எடுத்தால் தொலைந்துவிடும் என்றார் இன்னொருவர். தங்கம் வாங்கு, காணி வாங்கு, ஒன்றும் வாங்காதே. எல்லாவற்றையும் வாசித்தேன், வாசிக்க வாசிக்கக் குழம்பினேன்.

“அப்பா, இந்தக் காலத்தில காசை வச்சிருக்கிறவன் தோற்பான். பொருளா மாத்தி வைக்கணும்.”

“என்ன பொருள் மகள்?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் மருதானையில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர் பதில் தந்தார்: கொமட், கழிப்பறைப் பீங்கான். குளியலறைச் சாமான் இறக்குமதிக்குத் தடை, இருக்கிற சரக்கு முடிந்தால் விலை எங்கேயோ போய்விடும் என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. கொமட் இல்லாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. அது அழுகாது, எலியும் தின்னாது. அப்பா என் கையில் தந்த காசில் இருபத்திரண்டு வாங்கினேன். மேலே பூட்டும் தண்ணி டேங்குகள் தடைக்கு முன்பே வந்து துறைமுகத்தில் நிற்கின்றன, அடுத்த கிழமை வரும் என்றார். “பய வென்ன எப்பா நங்கி,” என்று சிங்களத்தில் தைரியமும் சொன்னார். பயப்படாதே தங்கச்சி என்று ஒரு வியாபாரி சொன்னால் அப்போதே பயந்துவிட வேண்டும்; இது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு ஒரு ஹோல், ஓர் அறை, ஒரு குசினி. லொறி போன பிறகு ஹோலைக் காணவில்லை. அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“டேங்க் எங்க?”

“ஹாபர்ல நிக்குதாம். அடுத்த கிழமை வரும்.”

“எத்தினை நாளா நிக்குதாம்?”

“மூணு மாசமா.”

அப்பா ஒரு கொமட்டின் விளிம்பில் மெல்ல உட்கார்ந்தார். “டொலர் கட்ட ஏலாம விட்ட பெட்டி மகள் அது. வெளிய வராது. என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

கேட்டிருக்கலாம். கொள்கலன்களின் குணம் தெரிந்த மனிதர் எங்கள் வீட்டிலேயே சாரம் கட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவரிடம் பொருளாதாரம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டேங்க் இல்லாத கொமட்டை ஒருவரும் வாங்கவில்லை. அதற்குள் ஒக்டோபர் வந்துவிட்டது. செபமாலை மாதம், மாதா சொரூபம் நாளுக்கொரு வீட்டுக்குப் போகும், தெருவும் பின்னால் போகும். எங்கள் முறை வந்தது. மறுக்க முடியாது. அம்மா எல்லாவற்றையும் வெள்ளைத் துணியால் போர்த்தினார். இருபத்திரண்டு பேர் முன்கூட்டியே வந்து முழந்தாளிட்டிருப்பது போல இருந்தது. கதிரை போதாமல் வந்தவர்கள் அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். செபமாலை பாதியில் பக்கத்து வீட்டு பொலின் அக்கா உட்கார்ந்திருந்ததன் துணி விலகியது. குனிந்து பார்த்தார்.

“இது என்னா?”

“இவர்ட பென்ஷன்,” என்றார் அம்மா, மூடிய கண்ணைத் திறக்காமல்.

அதன்பின் செபமாலையின் எந்த மணியில் நின்றோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நானும் சிரித்தேன். பிறகு குளியலறைக்குள் போய் அழுதேன். (அங்கே டேங்க் இருந்தது.)

அப்பா ஓய்வை விட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் காவலாளியாகச் சேர்ந்தார். காலையில் ஒரே பஸ்ஸில் போனோம். நான் அலுவலகத்துக்கு, அவர் வாசல் கேட்டுக்கு. ஒரு நாளும் என்னை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. தடை நீங்கிப் புதுச் சாமான்கள் வந்த பிறகு, விடுதி கட்டிய ஒருவர் பரிதாபப்பட்டு மொத்தத்தையும் எடுத்தார். போட்டதில் பாதி திரும்பியது. நான் செய்தது மடத்தனமா, கெட்ட காலமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வீட்டில் மற்றவர்களுக்குக் குழப்பமே இல்லை. ஃபோனோ மாப்பிள்ளையோ, நான் எதை நல்லது என்று சொன்னாலும், “டேங்க் வந்திச்சா?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

போன திங்கட்கிழமை அப்பாவையும் அம்மாவையும் வங்கிக்குக் கூட்டிப்போனேன். மிச்சக் காசை மூன்று நிலையான வைப்பாக, ஒன்று முடிய ஒன்று கைக்கு வருகிற மாதிரிப் போடுவது அப்பாவின் யோசனை. மாதாமாதம் வட்டி வந்தால் அவர் காவல் வேலையை விடலாம்.

“மகள்ட பேரையும் போடுவமா?” என்று கேட்டார் அங்கிருந்த உத்தியோகத்தர்.

“வேணாம்,” என்றேன் நான்.

“அப்ப நீங்க?”

“நான் ஃபோம் நிரப்ப வந்தனான்.”

நிரப்பி முடித்ததும், கையெழுத்துப் போட முன் ஒவ்வொரு வரியையும் வாசித்து விளங்கப்படுத்தச் சொன்னார் அப்பா. வாசித்தேன். இரண்டு வரி எனக்கும் விளங்கவில்லை. உத்தியோகத்தரிடம் ஃபோமைத் திருப்பி, விரலை வைத்துக் காட்டிக் கேட்டேன்.