வெற்றுத் தகடு ஏன் பச்சையாக ஒளிர்ந்தது?

உலு திராம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மதி அண்ணனுக்கு,

எதிர்ப்பொருள் ஒரு துளிகூடப் போடாத கண்ணாடித் தகடு நுண்ணோக்கியில் பச்சையாக ஒளிர்ந்தால் அதற்கு என்ன காரணம்? எனக்குத் தெரியவில்லை. மூவாரில் நீங்களும் அண்ணியும் நலமென்றும், நாற்காலிப் பட்டறை தடையின்றி நடக்கிறதென்றும் நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ரத்தத்தில் நோய்பட்ட செல்களைக் கொல்லும் செல்கள் உண்டு; அவை புரதத்தை வெட்டும் ஒரு நொதியைப் பைபையாகச் சுமக்கின்றன; அந்த நொதியை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளில் பச்சைச் சாயம் ஏற்றி என் மாணவி லோஷினி தகடுகள் தயாரிக்கிறாள்; எதிர்ப்பொருள் போடாத தகடு இருட்டாக இருந்தால்தான் மற்றவற்றை நம்ப முடியும். நேற்று நீங்கள் அனுப்பிய பூஜைச் சாமான்களை வைத்து ஆய்வகத்தில் ஆயுத பூஜை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கையில்லை, தெரியுமே. உதவியாளர் மணியம் விடவில்லை. "டாக்டர், மொத பொட்டு நீங்கதான் வைக்கணும். பாஸ் யாருன்னு சாமிக்கும் தெரியணும் லா!" நுண்ணோக்கிக்கு மஞ்சள் பொட்டு வைத்தேன். சுண்டல் சாப்பிட்டோம். நேரமாகிவிட்டதென்று நானே தகடுகளை எடுத்து லோஷினியிடம் கொடுத்தேன். மத்தியானம் பார்த்தால் வெற்றுத் தகடு பெருநாள் விளக்குப்போல் ஜொலிக்கிறது!

"தகட்ட மாத்தி வச்சிட்டியா?" என்று லோஷினியைக் கேட்டேன்.

"இல்ல டாக்டர், சத்தியமா இல்ல."

"மஞ்சளா இருக்குமோ?" என்றார் மணியம். ஆய்வகத்தில் சமையல் பேச்சு வேண்டாம் என்று அவர் வாயை அடைத்தேன். அடுத்த மாதம் ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டிய பெண்ணுக்கு ஆறு மாதம் தள்ளிப்போட இன்று காலை பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மனுவும் அனுப்பிவிட்டேன். கவனமில்லாத பிள்ளைக்கு வேறு என்ன செய்வது?

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள்.

தங்கை,
யோகேஸ்வரி

பி.கு. (புதன், மாலை): கடிதம் இன்னும் தபாலில் சேர்க்கவில்லை. இன்று காலை யாரும் வருமுன் ஒரு சிட்டிகை மஞ்சளைத் தகட்டில் வைத்துப் பார்த்தேன். அதே பச்சை. வழக்கம்போல் ஆல்கஹாலில் கழுவியபோது தகடு முழுக்கப் பரவியது. அன்று பொட்டு வைத்த விரலைக் கழுவாமல், கையுறையும் போடாமல்தான் நான் தகடுகளைத் தொட்டிருக்கிறேன். புதுப் பெட்டியிலிருந்து தகடு எடுத்து லோஷினி மறுபடி செய்தாள்: வெற்றுத் தகடு கும்மிருட்டு, மற்றவற்றில் கொல்லும் செல்களுக்குள் மட்டும் பச்சைப் புள்ளிகள். மணியத்தின் முன்னிலையிலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு மனுவைத் திரும்ப வாங்க ஓடினேன். நேற்றே ஒப்புதல் ஆகிவிட்டதாம்; இருபது வருடத்தில் அந்த அலுவலகம் இப்படி வேலை செய்து நான் பார்த்ததில்லை. ரத்து செய்ய மூன்று மாதம் ஆகுமாம்.

லோஷினி சிரித்தாள். "பரவால்ல டாக்டர், ஆறு மாசம்ங்கறது கடைசி நாள்தானே. அவங்க ரத்து பண்றதுக்குள்ள நா ஆய்வேட்டக் குடுத்து முடிச்சிட்டுப் போயிடுவேன்."