முந்நூறு கிலோமீட்டர் வேகமும் பள்ளிக்கூடத்து மேடும்

“அந்த ஸ்பீடு பிரேக்கரை வைக்கணும்னு மொதக் கையெழுத்துப் போட்டதே நீங்கதானேய்யா! வெள்ளை பெயிண்டு வாங்கிக் குடுத்ததும் நீங்கதான். இப்ப நீங்களே இடிக்கச் சொன்னா எப்படி?”

“இடிக்கச் சொல்லலை டீச்சர். எடுக்கச் சொன்னேன். தற்காலிகமா.”

“தார் மேட்டைத் தற்காலிகமா எப்படிய்யா எடுப்பாக? சட்டை மாதிரி கழட்டி வச்சுக்கிட்டு, கல்யாணம் முடிஞ்சதும் மாட்டி விட்ருவாகளா?”

திருமயத்துக்கு மேற்கே ஓர் ஊரில், தொடக்கப்பள்ளி வாசலில் நடந்த இந்த வாக்குவாதத்தை ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள்கூடத் தலை நிமிர்ந்து கேட்டன. ஒரு பக்கம் தலைமையாசிரியை பொற்கொடி. மறுபக்கம் குமரப்பன். நடுவில் அந்த மேடு.

மனித குலத்தின் முன்னேற்றத்துக்கு எந்தக் காலத்திலும் ஏதாவது ஒரு மேடு தடையாகவே இருந்து வந்திருக்கிறது. அதை எவன் தட்டி நிரவுகிறானோ அவனையே வரலாறு வணங்குகிறது. குமரப்பன் அன்றைக்கு வரலாற்றின் பக்கம் நின்றார். டீச்சர் பிள்ளைகளின் பக்கம் நின்றார். எது பெரியது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். தை மாதத்தில் குமரப்பனின் மகள் நித்யாவுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி, பெண் வீட்டார் கோயிலிலிருந்து ஒரு மாலை, மாப்பிள்ளை வீட்டார் கோயிலிலிருந்து ஒரு மாலை, இரண்டும் வந்து சேர்ந்தால்தான் தாலி. மாலையைக் கீழே வைக்கக் கூடாது. காலங்காலமாகப் பங்காளிகளில் யாராவது ஒருவர் காலையிலேயே போய் மடியில் வைத்துக் கொண்டுவந்து விடுவார். அதை யாரும் போட்டோகூட எடுத்ததில்லை. அவ்வளவு பின்தங்கிய நிலையில் இருந்தது அந்த வழக்கம்.

அதைக் கைதூக்கி விடத்தான் பெங்களூரிலிருந்து விஸ்வநாதன் வந்தார். குமரப்பனின் மனைவி சாலாவுக்கு உடன்பிறந்த தம்பி. அவருடைய வண்டி ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. மஞ்சள் நிறம். டர்போ. இரண்டே இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒருவர் ஏறவேண்டும் என்று நினைக்கும் அளவுக்கு உலகம் இன்னும் நாகரிகமில்லாமல் இருக்கிறது என்பதில் விஸ்வநாதனுக்கு வருத்தம் உண்டு.

“அத்தான், இதுக்கு நூறு கிலோமீட்டர் வேகம் புடிக்க மூணு செகண்டுதான். முந்நூறு வரைக்கும் போகும். நம்ம ஊர்ல ஓடுற செடானெல்லாம் இதுக்கு முன்னாடி மாட்டு வண்டி.”

“மாலையை எடுக்க இதுல போனா?”

“போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது.”

குமரப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பங்காளி வேண்டாம், நானே போகிறேன் என்று அறிவித்தார். சாலா ஒத்துக்கொள்ளவில்லை.

“பொண்ணைப் பெத்தவுக முகூர்த்தத்தன்னைக்கு வாசல்ல நிக்காம ரோட்ல என்ன பண்ணுவீக?”

“போனதும் தெரியாதும்மா, வந்ததும் தெரியாது.”

“எனக்குத் தெரியும். ரெண்டு பேருமே வந்து சேர மாட்டீக.”

இதற்குள் பஸ் நிறுத்தத்தில் பதாகை வைத்தாகிவிட்டது. ‘டர்போவில் வருகிறது திருமாலை’ என்று எழுதி, மணமக்கள் படத்தைவிடச் சற்றே பெரிதாக வண்டியின் படம் போட்டிருந்தார்கள். வானத்திலிருந்து படம் பிடிக்க ட்ரோன்காரருக்கும் சொல்லியாகிவிட்டது. இனி அந்த வண்டியில் மாலை வராவிட்டால் குமரப்பன் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

தடையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். கோயிலுக்குப் போகிற வழியில், ஊர் எல்லைக்குச் சற்று வெளியே பள்ளிக்கூடம், அதன் வாசலில் அந்த மேடு. வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. மேடோ ஒரு சாண் உயரம். அந்த மேடு ஏன் அங்கே இருக்கிறது என்பதும் ஊருக்கே தெரியும். தேவிப்ரியா என்று ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையை வெளியூர்க் கார் ஒன்று அடித்துப் போட்டுவிட்டுப் போனது. பிள்ளை பிழைத்தாள், கால் கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள். அதற்குப் பிறகு பொற்கொடி டீச்சர் மனு மேல் மனு கொடுத்தார். ‘ஆய்வு’ நடந்தது. ‘ஆய்வின் மீதான ஆய்வு’ நடந்தது. பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு மேடு வந்தது.

வாடகை செடான் ஓட்டும் ராக்கனை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் மாலைக்காக அமர்த்தியிருந்தார்கள். அவர் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். “ரெண்டு பக்கமும் பலகை போட்டு ஏத்திருவோம் சார். நாலு ஆளு போதும்.”

“இதென்ன உங்க அம்பாசிடரா? பலகை மேல ஏத்துனா வாரண்டி போயிரும்” என்றார் விஸ்வநாதன்.

“என்னோடது அம்பாசிடர் இல்லீங்க.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

பிறகு குமரப்பன் ஒரு போன் பண்ணினார். யாருக்கு என்று கேட்பது நாகரிகமல்ல. அவர் ஊரில் இல்லாதவர், ஆனால் ஊரில் எல்லாவற்றிலும் இருப்பவர். “ஒரு மங்கல காரியம்” என்று குமரப்பன் தொடங்கியதுமே அந்தப் பக்கம், “மதியத்துக்குள்ள முடிஞ்சிரும்ணே” என்றது. சொன்னபடி மதியம் ஜேசிபி வந்தது. மேட்டைச் சுரண்டியது. ரோலர் வந்தது. நிரவியது. நம் நாட்டில் வேலை நடக்காது என்று சொல்பவர்கள் வாய் திறக்காமல் இருப்பது நல்லது. பள்ளிக்கூட ஜன்னலில் பிள்ளைகள் வரிசையாக நின்று கைதட்டின. டீச்சர் மட்டும் தட்டவில்லை. எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது ஒருவராவது இப்படி இருப்பது வழக்கம்தான்.

“கல்யாணம் முடிஞ்ச மறுநாளே திருப்பி வச்சுத் தாரேன் டீச்சர். என் பொண்ணு மேல சத்தியம்” என்றார் குமரப்பன்.

முகூர்த்த நாள். வண்டி கிளம்பிய சத்தத்தில் பந்தலில் கட்டியிருந்த வாழைத்தார் ஆடியது. குமரப்பன் பட்டு வேட்டியோடு உள்ளே உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட இறங்கினார் என்பது பொருத்தம். கிணற்றுக்குள் இறங்குவது போல. கண்ணுக்கு நேரே ஆடுகளின் கால்கள் தெரிந்தன.

ஊர் எல்லையைத் தாண்டி இரண்டு வளைவு. பள்ளிக்கூடம் இன்னும் வரவில்லை. அங்கே ரோடு முழுவதும் கொள்ளுச் செடி பரப்பியிருந்தது. தையில் எல்லா வருஷமும் பரப்புவார்கள். போகிற வருகிற வண்டிச் சக்கரம் மிதித்துப் பயறு உதிரும். நம் மாவட்டத்தில் சாலை என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதல்ல, அது களமும்கூட. இதை ஜெர்மனியில் யாரும் அந்த வண்டிக்குச் சொல்லி அனுப்பவில்லை.

“ஏறிப் போங்க சார், ஏறிப் போங்க! நல்லா மிதிச்சுப் போங்க!” என்று கொள்ளுக்காரப் பெண் சின்னப்பிள்ளை உற்சாகமாகக் கையசைத்தார்.

விஸ்வநாதன் ஏறினார். செடி வயிற்றுக்கடியில் சுருண்டது. சக்கரத்தில் சுற்றியது. ஏதோ கருகும் வாசனை வந்தது. எதிரே இருந்த திரை ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அணைந்தது. மூன்று விநாடியில் நூறைத் தொடும் அந்த வண்டி, மூன்றே விநாடியில் பூஜ்யத்தையும் தொடும் என்பதை அன்று நம் மண் கண்டறிந்தது.

விஸ்வநாதன் கம்பெனிக்குப் போன் போட்டு நீண்ட நேரம் இங்கிலீஷில் பேசினார்.

“என்ன சொல்றாக?”

“வண்டியைத் தொடக் கூடாதாம் அத்தான். என்ன விவசாயப் பொருள்னு கேக்குறாக. கொள்ளுக்கு இங்கிலீஷ்ல என்ன?”

“குதிரைக்குப் போடுறதுன்னு சொல்லு.”

“சொன்னேன். இது குதிரை இல்லைங்கிறான்.”

அப்போது ராக்கனின் செடான் வந்தது. சின்னப்பிள்ளை கையசைத்தார். அது கொள்ளை நறநறவென்று மிதித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது.

“வாங்கய்யா, ஏறுங்க. ஒங்க கோயிலும் நம்ம வழியிலதான். ரெண்டு மாலையையும் ஒண்ணா எடுத்துட்டு வந்துருவோம்.”

குமரப்பன் எழப் பார்த்தார். கிணற்றிலிருந்து எழுவது எளிதல்ல. அதற்குள் தலைக்கு மேல் ட்ரோன் வந்து வண்டு போல் ரீங்கரித்தது. அவருக்குப் பதாகை நினைவுக்கு வந்தது. டர்போவில் வருகிறது திருமாலை.

“நீ போப்பா ராக்கா” என்றார். “நாங்க இதுலதான் வருவோம்.”

வந்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை. செங்கல் காளவாசலுக்குப் போன லாரி ஒன்றை மறித்து, நாலு ஆள் பிடித்து, பலகை போட்டு, வாரண்டியைப் பற்றி அந்த நேரம் யாரும் பேசாமல், வண்டியை லாரி மேல் ஏற்றினார்கள். குமரப்பன் வண்டிக்குள்ளேயே இருந்தார். லாரி கோயிலுக்குப் போனது. குருக்கள் மாலையோடு வெளியே வந்து இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்தார்.

“காரு வருதுன்னாங்களே?”

“மேல பாருங்க சாமி” என்றார் குமரப்பன், வானத்திலிருந்து.

இங்கே செயல்திறனைப் பற்றி ஒரு வார்த்தை. லாரியில் ஏறிய பிறகு, கோயிலுக்குப் போக வர அந்த வண்டி குடித்த பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லை. எந்தச் செடானாவது இதைச் செய்யுமா?

திரும்பும் வழியில் பள்ளிக்கூடம். மணியடிக்கும் நேரம். ராக்கனின் செடான் அந்த இடத்தைக் கடந்து போய் வெகுநேரம் ஆகியிருந்தது. நிரவிய சாலையில் லாரி வழுக்கிக்கொண்டு வந்தது. பொற்கொடி டீச்சர் நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நின்றார். பின்னால் பிள்ளைகள் கடந்துகொண்டிருந்தன, கடைசியாகக் காலைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பிள்ளை. லாரி கிறீச்சிட்டு நின்றது. மடியில் மாலையோடு, லாரி மேல், காருக்குள் இருந்த குமரப்பனை டீச்சர் அண்ணாந்து பார்த்தார்.

“ஏய்யா,” என்றார் நிதானமாக, “லாரி அந்த மேட்டுல ஏறாதா?”

குமரப்பன் மாலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ட்ரோன் அதையும் படம் பிடித்தது.

தாலி கட்டி முடிந்தது. மாலையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. விஸ்வநாதன் வண்டியோடு, அதாவது இன்னொரு லாரியில் ஏற்றிய வண்டியோடு, பெங்களூர் போய்விட்டார். மறுநாள் குமரப்பன் அதே ஆளுக்குப் போன் பண்ணினார், மேட்டைத் திரும்ப வைக்க. “அதுக்கு மனு குடுக்கணும்ணே, ஆய்வு இருக்குல்ல” என்றது அந்தப் பக்கம். அதன்பிறகு அந்தப் பக்கம் எடுக்கவே இல்லை. குமரப்பன் இப்போது பள்ளிக்கூட வழியாகப் போவதில்லை. சுற்றுப்பாதையில் போகிறார்.

ஆக, டர்போவையும் செடானையும் ஒப்பிட்டதன் முடிவு. இறக்குமதி வண்டியின் சக்கரம் அந்த இடத்தில் ஒரு தடவைகூடப் படவில்லை. ஆனால் தன் வேகத்தை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறது. உருண்டு உருண்டு போன நம் ஊர் செடான்கள், மினி பஸ்கள், ஏன், ராக்கனின் வண்டிகூட இன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் பறக்கின்றன. எதிர்த்து நிற்பது டீச்சரின் இரண்டு கைகள் மட்டும்தான். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை.

கார் விவரம் தெரிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். டர்போ, குதிரைத்திறன் பற்றியெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். ஒரு மேட்டை எடுக்க ஒரு போன் போதும் என்றால், அதை வைக்க யாருக்குப் போன் பண்ண வேண்டும்? நம்பர் தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் போடுங்கள். சீக்கிரம் போடுங்கள். டீச்சருக்குக் கை வலிக்கிறது.