நூற்றுக்கு நூறு தனசேகரன்

உலகத்தில் நல்ல பேர் எடுக்கிறவர்கள் ஒரு வகை. அந்த நல்ல பேரைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் இடத்தைவிட்டு நகருவேன் என்று நிற்கிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையாரை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். கல்யாணப் பந்தியில் உங்கள் இலைக்கு எதிரே வந்து நின்று, "சாம்பார் எப்படி?" என்பார், வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு நீங்கள் தலையாட்டினால் போதாது, "நல்லா இருக்குங்க" என்றாலும் போதாது, "பிரமாதம்" என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வந்து விழும்வரை நகர மாட்டார். தப்பித்தவறி "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டீர்களோ, தொலைந்தீர்கள். சமையல்காரரையே கூட்டிவந்து உங்கள் முன்னால் நிறுத்திவிடுவார்.

இந்த வகையாருக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. நல்ல பேரை அளந்து பார்க்க வழியில்லை. தன்னைப் பற்றி எத்தனை பேர் நல்லவிதமாக நினைக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்கவா முடியும்? இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு வாக்கில் அந்தக் குறையும் தீர்ந்தது. இணையத்தில் ஒரு சந்தை வந்தது. யார் வேண்டுமானாலும் அதில் கடை போடலாம், வாங்கினவர்கள் நன்று, சுமார், மோசம் என்ற மூன்றில் ஒன்றைக் குத்திவிட்டு இரண்டு வரி எழுதலாம், நூற்றுக்கு எத்தனை பேர் நன்று என்றார்கள் என்ற கணக்கு கடைப் பெயருக்குப் பக்கத்திலேயே ஊர் உலகம் பார்க்க நிற்கும். ஆரணி தனசேகரனை மனத்தில் வைத்தே யாரோ இதைச் செய்தார்கள் போலிருந்தது.

தனசேகரன் அதுவரை தாய்மாமன் பட்டுக்கடையில் புடவை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர். "பையன் வேலை சுமாரா பண்றான்" என்று மாமன் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. மறுநாளிலிருந்து கடைக்குப் போகவில்லை. சொந்தமாகக் கடை போட்டுப் பிழைத்துக் காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த குப்புராஜ் அந்த இணையச் சந்தையில் கடையைத் திறந்து கொடுத்தார். மற்றதெல்லாம் மனைவி லாவண்யா. மொட்டை மாடியில் பாய் விரித்துப் புடவையைக் கிடத்தி, இரவல் கேமராவில் படம் பிடித்து, நீளம், அகலம், முந்தானை, பார்டர் எல்லாம் எழுதிக் கொடுத்து, வெளியூருக்குக் கிழியாமல் போய்ச் சேர எந்த அட்டைப்பெட்டி நல்லது என்று கண்டுபிடித்து, கூரியருக்குச் சொல்லிவைத்தது வரை அவள்தான். தனசேகரன் செய்த ஒரே உதவி, "உச்சி வெயில்ல எடுத்தாதான் கலர் தூக்கலா இருக்கும்" என்று மாடிப்படியில் நின்று சொன்னது.

முதல் மாதம் ஒரே ஒரு புடவை நாகபுரிக்குப் போனது. தை மாதம் நாலு. ஆடித் தள்ளுபடி என்று லாவண்யா ஒரு வரி சேர்த்ததும் பதினொன்று. ஒரு வருஷத்தில் அறுபது புடவை போய், அறுபது பேரும் நன்று என்றே குத்தினார்கள். புடவை நல்ல புடவைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்? ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் படவேட்டம்மன் குங்குமமும், தனசேகரன் தன் கைப்பட எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதமும் இருக்கும். பெட்டி போய்ச் சேர்ந்த அன்று, "அம்மா, ஆரணிலருந்து தனசேகரன் பேசறேங்க, புடவை வந்துச்சிங்களா?" என்று போன். மறுநாள், "கட்டிப் பார்த்தீங்களா?" என்று போன். அதற்கும் மறுநாள், "பார்த்தவங்க இன்னா சொன்னாங்க?" என்று போன். நாலாவது போன் வருவதற்குள் எந்தப் பெண்மணியும் ஓடிப்போய் நன்று என்று குத்திவிடுவார்.

தினம் காலையில் பல் தேய்த்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவார்.

"குப்புராஜ், நூறு இருக்குதா பாரு."

"நேத்து சாயந்திரம் இருந்திச்சிண்ணா."

"நேத்து இருந்திச்சி. இன்னிக்கி?"

நூறு இருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் காப்பி இறங்கும்.

மறு வருஷம் தீபாவளிக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, நூறு இல்லை. தொண்ணூற்றெட்டு இருந்தது. பெரம்பூர் குணசுந்தரி என்பவர், அறுபத்தோராவது ஆள், அரக்குப் புடவை வாங்கியவர், சுமார் என்று குத்தி, "நிறம் பரவாயில்லை" என்று எழுதியிருந்தார்.

தனசேகரன் காப்பி குடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் லாவண்யா.

"பெரம்பூர். அந்தம்மாவ நேர்ல பார்த்துப் பேசிட்டு வந்துடறேன்."

"ஏங்க, ஒருத்தங்க சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. ஒம்போது ஆர்டர் நின்னுகினு கீது. இன்னிக்கிப் போட்டாதான் தீபாவளிக்குப் போயி சேரும். மதியம் கூரியர்காரர் வராரு. உங்க லெட்டர் ஒண்ணுதான் பாக்கி."

"நீ வேற பேஜார் பண்ணாத. தொண்ணூத்தெட்டுன்னு கீற கடையில எவன் வந்து வாங்குவான்? எல்லாம் வந்து எழுதிக்கலாம்."

அறுபது பேர் நன்று என்று சொன்னது அவருக்கு அப்போது ஞாபகம் இருந்ததா என்று கேட்கிறீர்களா? இந்த வகையாருக்கு அது ஞாபகம் இருக்காது. அறுபது பேர் வாசலில் மாலையோடு நின்றாலும், தெருக்கோடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஒருவரைத்தான் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு சீப்பு வாழைப்பழம், அரைக் கிலோ மைசூர்பாகு, இரண்டு முழம் மல்லி. சம்பந்தி வீட்டுக் கோபத்தைத் தணிக்கப் போகிறவர் மாதிரி ஜல்தியாகப் பஸ் ஏறி, ஆற்காடு தாண்டும்போது இடுப்பைத் தடவினார். பீரோ சாவி இருந்தது. ஒன்பது புடவையும் அந்தப் பீரோவுக்குள் இருந்தன.

பெரம்பூரில் கதவைத் திறந்த குணசுந்தரி அம்மாள் அந்த அரக்குப் புடவையைத்தான் கட்டியிருந்தார். வந்தவர் யார் என்று தெரிந்ததும், வாழைப்பழத்தையும் பார்த்துவிட்டு, இரண்டடி பின்னால் போனார்.

"புடவையில ஏதாவது குறைங்களாம்மா?"

"குறையா? பார்த்தவங்கல்லாம் எங்க வாங்கினேன்னு கேக்கறாங்க. படத்தை விட நிறம் கொஞ்சம் அடக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

"அப்புறம் ஏங்கம்மா சுமார்னு போட்டீங்க?"

"தம்பி, நான் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சரா இருந்தவ. யாருக்கும் அறுபதுக்கு மேல மார்க் போட்டதில்ல. என் பொண்ணே என் கிளாஸ்ல அம்பத்தெட்டு. உங்களுக்கு நான் போட்டது பெரிய மார்க்."

தனசேகரனுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. உண்மையாகவே கட்டியது, அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. அம்மாளுக்கு மனம் இளகிவிட்டது. குத்தினதை இனி மாற்ற முடியாதாம், அடியில் வேண்டுமானால் ஒரு வரி சேர்க்கலாமாம் என்று மகனைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னாலேயே எழுத வைத்தார்: "கடைக்காரர் இதற்காக என் வீட்டுக்கே வந்தார். மிகவும் நல்ல மனிதர்."

மிகவும் நல்ல மனிதர்! திரும்பி வரும் வழியெல்லாம் தனசேகரன் அந்த மூன்று சொல்லையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

வீட்டில் கூரியர்காரர் பொன்னுசாமி மதியம் வந்து, பூட்டிய பீரோவைப் பார்த்து, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த நாள் ஞாயிறு. திங்களன்று மழை. ஒன்பதில் ஆறு தீபாவளிக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்று, அதில் ஒன்று நாகபுரிக்குப் போனது, பண்டிகை முடிந்து சேர்ந்தன. அந்த மூன்று பேரும் எழுதியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்று நாலு ஆனது. தாய்மாமன் கடையில் யாரோ இதை மாமனுக்குப் படித்துக் காட்டியதாகவும் கேள்வி.

லாவண்யா சத்தம் போடவில்லை. "சாவிய இப்டி குடுங்க" என்று கையை நீட்டினாள். நாகபுரிக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டிருந்த தனசேகரன், இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தார்.

அதன்பிறகு இரண்டு வாரம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. கடையை மூடிவிட்டு மாமனிடமே போய் நிற்க வேண்டியதுதானோ என்று அவர் கலங்கிப்போயிருந்த நேரத்தில், கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்மணி கேள்வி அனுப்பியிருந்தார். குப்புராஜ் வாய்விட்டுப் படித்தார்: "மயில்கழுத்துப் புடவை மிகவும் பிடித்திருக்கிறது. உடனே வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கடைக்காரர் என் வீட்டுக்கு வர மாட்டார் என்று உறுதி தர முடியுமா?"

தனசேகரன் ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கூட வந்திருந்த லாவண்யா குப்புராஜை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்: "வர மாட்டார். சாவி என்னிடம் இருக்கிறது."

புடவை அன்றே விற்றது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன பொங்கலுக்கு நீங்கள் செய்த வடையைப் பதினைந்து பேர் பாராட்ட, ஒருவர் மட்டும் "உப்பு ஒரு கல்லு கம்மி" என்றாரே, அவர் யார்? பார்த்தீர்களா, யோசிக்காமலே பெயர் வந்துவிட்டது! அன்று அவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்பதுகூட ஞாபகம் இருக்கும். பாராட்டிய பதினைந்து பேரில் மூன்று பேரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. இது எப்படி இருந்தது என்று உங்களை வற்புறுத்திக் கேட்கவே மாட்டேன். நீங்களாக மனம் வந்து ஏதாவது சொன்னால் சரி. பரவாயில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டுக்கு எந்த பஸ் வரும் என்று எனக்குத் தெரியும்.