வகை கிடைக்காத பக்கம்

மருத்துவமனைகள் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருளுக்கு நான் கையேடு எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பது எங்கள் கொள்கை. சம்பளம் கிடையாது. அதனாலேயே பதவிகளுக்குப் பஞ்சமில்லை.

நூலகங்களுக்கு இதுபோல ஒரு மென்பொருள் உண்டு, தீயணைப்பு நிலையங்களுக்கு இன்னொன்று. மூன்றின் கையேடுகளையும் ஒரே வகைப்பாட்டில் அடுக்கினால் உலகம் சௌகரியப்படும் என்று யாரோ சொல்ல, பொது வகைப்பாட்டுக் குழு உதயமானது. அதன் தலைவரை நாங்கள் அலமாரி என்போம். தன் வீட்டுச் சீப்புக்கும் எண் ஒட்டியிருப்பவர்.

குழுவின் முதல் சாதனை, 'இதர' என்ற வகையை ஒழித்தது. ஆயிரத்து இருநூறு பக்கங்களில் ஆயிரத்து நூறு அதில்தான் இருந்தன. அவை அழிக்கப்படவில்லை. 'உரிய வகை கிடைக்கும்வரை ஓய்வில் வைக்கப்பட்டுள்ளன' என்று அறிவிப்பு வந்தது. ஓய்விலுள்ள பக்கத்தை எழுதியவனே பார்க்க முடியாது.

ஒருநாள் காலை பத்து மணிக்கு ஒரு சின்ன மருத்துவமனையிலிருந்து நர்ஸ் ஒருவர் போன் செய்தார்.

"சார், யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு பட்டியல் இருக்குமே, அது தவறுதலா அழிஞ்சுபோச்சு. வெளியே நாப்பது பேர் உக்காந்திருக்காங்க. யாருக்கும் ஊசி போட பயமா இருக்கு. மீட்கிற பக்கம் எங்க சார்?"

"ஓய்வில இருக்கும்மா."

"நீங்கதானே எழுதினீங்க? வாயால சொல்லுங்களேன்."

ஒன்பது கட்டளைகள். ஒன்று பிசகினாலும் மிச்சமும் போய்விடும். நினைவிலிருந்து சொல்லும் விஷயமல்ல. அலமாரியைப் போனில் பிடித்தேன்.

"மீட்புன்னு வகை போட்டுத் திறந்துவிடுங்க சார், அவசரம்."

"மீட்பு தீயணைப்புக்காரங்களுக்குப் போயிடுச்சே."

"இழப்பு?"

"நூலகத்துக்கு. திரும்பி வராத புத்தகம்."

"சரி, பழுதுன்னு போடுங்க."

"அப்படின்னா நம்ம மென்பொருள்ல பழுது வரும்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? வாக்கெடுப்புக்கு விடறேன். பதினஞ்சே நாள்."

"ஊசி போடணும் சார்!"

"ஊசி எந்த வகை?"

போனை வைத்துவிட்டுக் குழுவின் விதிகளைப் புரட்டினேன். 'தலைவரின் வாழ்த்துரை' என்ற வகைக்கு மட்டும் வாக்கெடுப்பு தேவையில்லை, உடனடி அனுமதி. வாழ்த்துரையோடு இணைக்கப்படும் பக்கங்களும் தாமாகத் திறந்துகொள்ளும். அலமாரியின் தொலைநோக்கைப் புகழ்ந்து மூன்று வரி எழுதினேன். அடியில் 'இணைப்பு: பக்கம் 614' என்று போட்டு அனுப்பினேன். நாற்பது நொடியில் அனுமதி வந்தது. கால் மணியில் நர்ஸ் பட்டியலை மீட்டுவிட்டார். அவர் குரலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அந்த வாரமே நாடெங்குமுள்ள நர்ஸுகள் அந்தப் பக்கத்தை மொய்த்தார்கள். அலமாரிக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா, நம்ம வாழ்த்துரைக்கு எவ்வளவு வரவேற்பு!"

நூலகத் தலைவருக்கும் தீயணைப்புத் தலைவருக்கும் பொறுக்குமா? ஆளுக்கொரு வாழ்த்துரை எழுதினார்கள். பக்கம் திறக்க இதுதான் வழி என்று தெரிந்துகொண்ட கையேடு எழுதுபவர்களும் ஆளுக்குப் பத்து எழுதினார்கள். ஒரே மாதத்தில் ஆயிரத்து நூறு பக்கங்களும் வாழ்த்துரைக்குள் குடியேறின. நெரிசலைச் சீர்செய்ய ஒரு துணைக்குழு போட்டு, அனுபவஸ்தன் என்று என்னைத் தலைவனாக்கினார்கள். நான் மறுக்கவில்லை. எல்லா வாழ்த்துரைகளையும் ஓய்வில் வைத்து, பணிவு, பெருமிதம், நன்றி எனப் பன்னிரண்டு உள்வகைகள் வகுத்தேன். நேர்த்தியான வேலை, நானே சொல்லக் கூடாது.

நேற்று ஒரு தீயணைப்பு வீரர் போன் செய்தார்.

"சார், வண்டியோட ஏணி இறங்க மாட்டேங்குது. எங்க ஆள் ஒருத்தர் உச்சியில மாட்டிக்கிட்டார். ஏணி இறக்குற பக்கம் எங்க சார்?"

"பணிவா, பெருமிதமா?"

"என்னது?"

"உள்வகை தெரியாம எப்படிங்க திறக்கிறது? பாதிக்கப்பட்டவர் கையெழுத்தோட ஒரு விண்ணப்பம் அனுப்புங்க."

"அவர் கையெழுத்துப் போடணும்னா கீழே வரணுமே சார்!"

நியாயமான சந்தேகம்தான். வாக்கெடுப்புக்கு விட்டிருக்கிறேன்.